பன்னிரண்டுக்கு ஒன்று

எங்கள் வீட்டின் கிழக்குச் சுற்றுச்சுவரில் ஒரு நீலக் கோடு இருக்கிறது. வராந்தாவின் விளிம்பில் தொடங்கிச் சரிந்து இறங்கி, தெருக்கதவின் அடியில் முடிகிறது. இரண்டு மழைக்காலம் நனைந்தும் முழுதாக அழியவில்லை.

அந்தக் கோடு விழுந்த காலையில் நூலின் ஒரு முனையைக் கொத்தனார் சுருளி பிடித்திருந்தார், மறுமுனையை நான். நூல் நெடுக நீலப்பொடி தடவியிருந்தது. "இறுக்கிப் புடிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு, நடுவில் எட்டி நூலை இழுத்து விட்டார். சுவரை ஓங்கி அறைந்தது போல ஒரு சத்தம். கோடு பதிந்துவிட்டது. என் விரல் நுனிகளில் ஏறிய நீலம் மறுநாள்தான் போயிற்று.

முப்பத்து நான்கு ஆண்டுகள் கரும்பலகையில் கோடு வரைந்திருக்கிறேன். வரைந்த பிறகும் கைக்குள் அதிர்ந்துகொண்டிருந்த கோடு அது ஒன்றுதான்.

சன்னலுக்கு உட்புறம் எஸ்தர் அக்கா சக்கர நாற்காலியில் அமர்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோட்டை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை கண்ணால் அளந்தாள்.

"பாப்பா, இதுல நான் எறங்கணுமா, உருளணுமா?"

அப்போது எனக்கு வயது அறுபத்து இரண்டு. அக்காவுக்கு மட்டும் நான் இன்னும் பாப்பாதான்.

மூன்று படிகள்

அக்காவைப் பற்றி இத்தொடரில் அங்கங்கே ஓரிரு வரி எழுதியிருக்கிறேன். இந்த வாரம் முழுவதும் அவளுக்கே உரியது.

மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதம் அவளுடைய இரு கால்களையும் எடுத்துக்கொண்டது. எங்கள் அப்பா போடி கடைவீதியில் துணிக்கடை வைத்திருந்தார். இரும்புச் சட்டம் பூட்டிய கால்களும் அக்குள் கட்டைகளுமாக அந்தக் கடைவீதி முழுவதையும் அக்கா நடந்திருக்கிறாள். பிறகு தொலைபேசி நிலையத்தில் இணைப்பு கொடுக்கும் வேலை கிடைத்தது. குமுளிக்கும் வண்டன்மேட்டுக்கும் பேச வேண்டிய ஏலக்காய் வியாபாரிகளுக்கு அவள் குரல் தெரியும், முகம் தெரியாது. மறுமுனையில் மலையாளம் கேட்டால் மலையாளத்திலேயே அதட்டுவாள்.

என் கணவர் காலமான பிறகு சின்னமனூரில் என் வீட்டுக்கே வந்துவிட்டாள். அது முதல் பதினைந்து ஆண்டுகள், வராந்தாவிலிருந்து முற்றத்துக்கு இறங்கும் மூன்று படிகளைக் கட்டைகளின் துணையோடு ஏறி இறங்கினாள். ஞாயிறு தவறாமல் இரண்டு தெரு தள்ளியிருக்கும் எங்கள் சபைக் கோயிலுக்குப் போவாள். பாடகர் குழுவில் கீழ்க்குரல் பாடுகிறவள் அவள். மற்றவர்கள் ராகத்தோடு மேலே போகும்போது, அடியில் தாங்கி நிற்கிற குரல் அது.

உடம்பின் கனம் முழுவதையும் அறுபது வருடம் தூக்கிய தோள்கள் ஒரு நாள் மறுத்துவிட்டன. இனி கட்டைகளைத் தொடவே கூடாது என்றார் தேனி மருத்துவர். நாற்காலியை மெல்லத் தள்ளலாம், செங்குத்தான ஏற்றம் மட்டும் ஆகாது என்றும் சொன்னார். எடை குறைந்த சக்கர நாற்காலி ஒன்று வந்து சேர்ந்தது. அதன் பிறகுதான் அந்த மூன்று படிகளை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அதுவரை மிதித்ததோடு சரி.

கோயில் வாலிபர்கள் அன்பானவர்கள். முதல் இரண்டு ஞாயிறுகளில் நால்வர் வந்து நாற்காலியோடு அக்காவைத் தூக்கி இறக்கினார்கள். மூன்றாவது ஞாயிறு வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டாள்.

"நாலு பேரு தூக்கிட்டுப் போற நாளு தானா வரும் தம்பி. அதுக்கு இப்பவே ஒத்திகை வேணாம்."

அவர்கள் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் போனார்கள். என்னிடம் மட்டும் சொன்னாள்: "நானா எறங்க முடிஞ்சா எறங்குறேன். முடியலன்னா இங்கனயே இருந்துக்கிறேன். என்னையத் தூக்க விடாத பாப்பா."

எட்டு மாதங்கள் அவள் வெளியே போகவில்லை. ஞாயிறு காலைகளில் கோயில் ஒலிபெருக்கியில் பாட்டு வரும். அக்கா சன்னலருகே நாற்காலியை நகர்த்திக்கொண்டு தன் கீழ்க்குரல் வரியை மட்டும் பாடுவாள். தனியே கேட்டால் அது பாட்டாகவே தோன்றாது. இரண்டு மூன்று சுரங்களில் நின்று நின்று நகரும் ஏதோ ஒன்று. பால் ஊற்ற வந்தவர் ஒருமுறை, "அக்காவுக்கு ஒடம்புக்கு ஆகலையா?" என்று என்னிடம் விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டு மதிப்பெண் வினா

பத்தாம் வகுப்பில் சாய்வு என்றொரு பாடம் உண்டு. செங்குத்து மாற்றத்தைக் கிடைமட்ட மாற்றத்தால் வகுத்தால் சாய்வு. அதை வாழ்க்கையோடு பொருத்திக் காட்ட வேண்டும் என்பதால், வார்த்தைக் கணக்கு ஒன்றும் வினாத்தாளில் இருக்கும். நான் ஆண்டுதோறும் கேட்டது மருத்துவமனைக் கணக்கு. வாசல், தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரம், சக்கர நாற்காலி ஏறும் சாய்தளம், கிடைமட்டமாகப் பன்னிரண்டு மீட்டர், சாய்வு காண்க. விடை பன்னிரண்டில் ஒன்று. இரண்டு மதிப்பெண்.

ஓடைப்பட்டியிலிருந்து பேருந்தில் வந்து படித்த ஒரு பெண் இருந்தாள். திராட்சைத் தோட்டத்து வீட்டுப் பிள்ளை. விடையைச் சரியாக எழுதிவிட்டு, அதன் கீழே இரண்டு வரி கூடுதலாக எழுதியிருந்தாள்: "இந்தச் சாய்வில் தானே தள்ளிக்கொண்டு ஏறுகிறவருக்குக் கை கடுக்கும். பாதியில் நின்று மூச்சு வாங்க ஓர் இடம் வேண்டும்."

அந்த இரண்டு வரிகளையும் சிவப்பு மையால் அடித்து, ஓரத்தில் "வினாவிற்குத் தேவையற்றது" என்று எழுதினேன். மதிப்பெண்ணைக் குறைக்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்றே அப்போது எண்ணியிருந்தேன்.

தோட்டத்திலிருந்து லாரி நிற்கும் மேட்டுக்குப் பழப்பெட்டி வண்டியைத் தள்ளி ஏற்றிய கை அவளுடையது என்பது எனக்குத் தெரியாதா என்ன? தெரியும். வகுப்பில் அவளே சொல்லியிருக்கிறாள். தெரிந்ததைக் கணக்கோடு சேர்க்கத் தோன்றவில்லை.

பன்னிரண்டு அடி முற்றம்

நீலக் கோட்டுக்குத் திரும்புகிறேன்.

சுருளிக்கு அந்தக் கோட்டில் முழுத் திருப்தி. இரு சக்கர வண்டியை வீட்டுக்குள் ஏற்ற இந்த ஊரில் எல்லாருக்கும் இப்படித்தான் போட்டுத் தருகிறாராம். படிகளை மூடிவிட்டு நேரே ஒரு சரிவு. முறுக்கினால் வண்டி ஏறிவிடும்.

"அக்காகிட்ட முறுக்க என்ன இருக்கு சுருளி?" என்று கேட்டேன்.

படி ஒவ்வொன்றும் ஏழு அங்குலம். மூன்றும் சேர்ந்து இருபத்தொன்று. வராந்தாவிலிருந்து தெருக்கதவுக்குப் பன்னிரண்டு அடி, அதாவது நூற்று நாற்பத்து நான்கு அங்குலம். வகுத்தால் ஏறக்குறைய ஏழுக்கு ஒன்று வரும். ஒருவர் தானே தள்ளிப் போகும் சாய்தளத்துக்கு வேண்டியது பன்னிரண்டுக்கு ஒன்று. ஓர் அங்குலம் ஏற, பன்னிரண்டு அங்குலம் நகர வேண்டும். இருபத்தோர் அங்குலத்துக்கு இருபத்தோர் அடி.

முற்றத்தில் இருப்பது பன்னிரண்டு. மீதி ஒன்பது அடி தெருவில் கிடந்தது, குறுக்கே சாக்கடையும்.

பல்லாயிரம் தாள்களில் இந்தப் பின்னத்தைத் திருத்தியிருக்கிறேன். அதன் கீழே எழுதும் எண் ஓர் இடம் என்பதும், ஒருவர் வீட்டில் அது இல்லாமலும் போகலாம் என்பதும் அந்தக் காலையில்தான் உறைத்தது. அந்த எண் எவ்வளவு பெரிதானாலும் காகிதம் கொள்ளும்.

நான் முற்றத்தில் நாடாவோடு குந்தியிருந்தேன். சுருளி சாக்கடையைப் பார்த்தபடி நின்றார். அக்கா சன்னலை விட்டு நகரவில்லை.

மேகமலை ஜீப்பு

"பாப்பா, மேகமலைக்குப் போனமே, ஞாபகம் இருக்கா?" என்றாள்.

எனக்கு ஏழு வயது இருக்கும், அவளுக்குப் பதினொன்று. மேலே தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு அப்பாவின் கடையிலிருந்து கம்பளி போகும். அந்த ஜீப்பில் ஒரு நாள் எங்களையும் ஏற்றிக்கொண்டார். சின்னமனூரைத் தாண்டியதும் சாலை என்று ஒன்று இல்லை, கற்கள்தாம். அக்காவைக் கால் நீட்ட வசதியாக முன்னிருக்கையில் உட்கார்த்தியிருந்தார்கள். எனக்குப் பின்னால் கம்பளி மூட்டைகளின் மேல் இடம். கம்பளியின் பச்சை வாசனையும் டீசல் வாசனையும் சேர்ந்து அடித்தது இப்போதும் நினைவிருக்கிறது.

அக்கா வழி முழுவதும் வளைவுகளை எண்ணிக்கொண்டு வந்தாள். எண்ணிச் சலித்து, மலைதான் நேரே தெரிகிறதே, எதற்கு இப்படிச் சுற்றிச் சுற்றிப் போக வேண்டும் என்று ஓட்டுநரிடம் கேட்டாள். அவர் சொன்னதை ஐம்பத்தைந்து வருடம் கழித்து, அவர் இழுத்துப் பேசிய விதத்திலேயே சன்னலுக்குப் பின்னாலிருந்து சொல்லிக் காட்டினாள்.

"நேரா ஏறுனா எஞ்சினு மூச்சு முட்டிச் செத்துரும் ஆத்தா. மடக்கி மடக்கிப் போனம்னா, மலை ஏறுறதே அதுக்குத் தெரியாது."

சொல்லிவிட்டு விரலால் காற்றில் ஒரு கோடு போட்டாள். வராந்தாவிலிருந்து மேற்கே, வீட்டுச் சுவரை ஒட்டியே மூலைவரை. மூலையில் ஒரு திருப்பம். மறுபடி கிழக்கே, தெருக்கதவு வரை.

"வாசலுக்கு நேராத்தான் எறங்கணும்னு யாரு சொன்னாக?"

யாரும் சொல்லவில்லை. பத்தரை அடி போக, பத்தரை அடி வர. இருபத்தொன்று. முற்றத்தின் அகலத்தை நான் அளக்கவே இல்லை. கேள்வி வாசலிலிருந்து கதவுக்கு என்று நானாகவே எடுத்துக்கொண்டிருந்தேன். படிகளையும் இடிக்க வேண்டியதில்லை.

மேற்கு மூலையில் ஒரு திராட்சைக் கொடி பந்தலேறி நிற்கிறது. காமயகவுண்டன்பட்டியிலிருந்து என் கணவர் குச்சியாகக் கொண்டுவந்து நட்டது. காய்த்தாலும் புளிக்கும், அணிலுக்குத்தான் ஆகும். திருப்பம் அங்கே வருவதால் கொடியை எடுத்துவிடலாமா என்று சுருளி தயங்கிக் கேட்டார். அக்கா வேண்டாம் என்றாள். பந்தலின் அடியில் ஐந்தடி சமதளம் போடச் சொன்னாள், நின்று மூச்சு வாங்க.

ஓடைப்பட்டிப் பெண்ணின் விடைத்தாள் அப்போது என் கண்முன் வந்தது. சிவப்பு மையோடுதான் வந்தது.

கணக்கில்லாத வழி

வேலை மூன்று நாளில் முடிந்தது. தொடங்கும்போதே சுருளிக்கு ஒரு மனக்குறை இருந்தது. மெல்லத்தான் வெளியே வந்தது.

எங்கள் பக்கத்தில் படி கட்டும்போது எண்ணுவார்கள். முதல் படி லாபம், அடுத்தது நட்டம், அதற்கடுத்தது லாபம். வீட்டுக்குள் கால் வைக்கும்போது லாபத்தில் முடிய வேண்டும். ஆகவே படிகள் ஒற்றைப்படையாகவே இருக்கும். எங்கள் வீட்டின் மூன்று படிகளும் அப்படி அமைந்தவைதாம். சாய்தளத்தில் எண்ண என்ன இருக்கிறது?

"நீங்க போற வழிக்குக் கணக்கு இருக்கு டீச்சர். அக்கா போற வழிக்கு இல்லாமப் போகுதே" என்றார்.

எங்கள் கிறிஸ்தவக் குடும்பத்தில் இதெல்லாம் பார்ப்பதில்லை என்று நான் சமாதானம் சொன்னேன். அவர் தலையை ஆட்டினாரே தவிர, முகம் தெளியவில்லை.

நான் என் பங்குக்குப் பரிசோதகராக நின்றேன். ஒளி ஊடுருவும் நீண்ட குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனைகளிலும் நீர் நிற்கும் உயரத்தைப் பார்த்து மட்டம் எடுப்பார்கள். அடிக்கு அடி நிறுத்தி, உயரத்தைக் குறித்துக்கொண்டேன். சாய்வு எங்கும் பிசகவில்லை. பன்னிரண்டுக்கு ஒன்று. ஓரத்தில் கைப்பிடிக் குழாயும் நட்டாயிற்று. ஏழு நாள் ஈரச்சாக்கு போர்த்தித் தண்ணீர் விட்டோம். அந்த ஏழு நாளும் அக்கா காலையில் எழுந்ததும் கேட்ட முதல் கேள்வி, "காஞ்சிருச்சா?" என்பதுதான்.

அகலம்

எட்டாம் நாள் காலை அக்கா நாற்காலியை வராந்தாவின் மேற்கு விளிம்புக்குக் கொண்டுவந்தாள். நான் பின்னால் நின்றேன். தொடாதே என்று முன்பே சொல்லியிருந்தாள்.

இரண்டடி நன்றாகத்தான் போனாள். பிறகு நாற்காலி இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. இடக்கையைத் தளர்த்தி, வலக்கையால் சக்கரத்தை இறுக்கி நேராக்கினாள். மறுபடி ஒதுங்கியது. மூன்றாம் முறை நேராக்கும் முன்பே அவளுடைய இடக்கை கைப்பிடிக் குழாயின் காலில் உரசிக்கொண்டு போனது. நாற்காலி நின்றுவிட்டது. விரல் மொளிகள் நான்கிலும் தோல் சீவியிருந்தது.

அவள் கையைப் பார்த்துக்கொள்ளவில்லை. கொஞ்ச நேரம் எதிரே கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னைய மேல தள்ளிட்டுப் போ பாப்பா."

அறுபத்து இரண்டு வருடங்களில் என்னிடம் அவள் இப்படிக் கேட்டதில்லை. தள்ளிக்கொண்டு போனேன். கைக்கு மருந்து போட்டேன். தோளில்தான் ஏதோ குறை, தனக்கு வயதாகிவிட்டது, இந்தச் சிமென்ட்டை ஒரு பூந்தொட்டி வைக்க வைத்துக்கொள் என்றாள். வேடிக்கையாகச் சொல்வது போலச் சொன்னாள். அடுத்த ஞாயிறு பாட்டு வந்தபோது சன்னலருகே போகவில்லை.

அன்று பிற்பகல் நான் முற்றத்துக்குப் போய்க் குழாய் மட்டத்தை எடுத்து மறுபடி அளந்தேன். மூன்று முறை அளந்தேன். பன்னிரண்டுக்கு ஒன்று. என் கணக்கில் பிழையே இல்லை. பிழை இல்லாத கணக்கைப் பார்த்து அழுகை வரும் என்பது புதிதாக இருந்தது.

அடுக்களையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து வந்து, சாய்தளத்தின் மேல் விளிம்பில் வைத்து விட்டேன்.

பழம் நேரே இறங்கவில்லை. கோணலாக இடப்பக்கம் ஓடி, ஓரக்கட்டையில் முட்டி நின்றது. மறுபடி விட்டேன். மறுபடி அங்கேயே போய் முட்டியது.

அப்போதுதான் குழாய் மட்டத்தைக் குறுக்கே பிடித்தேன். மூன்றடி அகலத்தில் ஒன்றரை அங்குலம் சரிந்திருந்தது. வீட்டுச் சுவரிலிருந்து முற்றத்தின் பக்கமாக.

பாடப் புத்தகத்தில் சாய்தளம் எப்போதும் பக்கவாட்டிலிருந்து வரையப்பட்டிருக்கும். ஒரு முக்கோணம், அதில் சாய்ந்த ஒரு கோடு. நானும் காகிதத்தில் அப்படித்தான் வரைந்து சுருளியிடம் கொடுத்திருந்தேன். கோட்டுக்கு அகலம் கிடையாது. அக்காவின் நாற்காலிக்கு இருந்தது.

சுருளி அமர்ந்தார்

தொலைபேசியில் சொன்னதும் வந்துவிட்டார். குறுக்குச் சரிவைக் காட்டியபோது அவர் மறுக்கவில்லை; அதில் பிழை இருக்க முடியும் என்பதே அவருக்கு விளங்கவில்லை.

"வாட்டம் குடுக்காம எவன் டீச்சர் தளம் போடுவான்? மழைத்தண்ணி செவத்தோரம் நின்னா ஓதம் ஏறிருமே. அப்புறம் என்னையத்தான ஏசுவாக?"

தண்ணீர் வடிவதற்காகத் தரைக்குக் கொடுக்கும் சரிவைத்தான் வாட்டம் என்கிறார்கள். மொட்டை மாடியோ குளியலறையோ, இங்கே எந்தக் கொத்தனாரும் வாட்டமில்லாமல் தளம் போடமாட்டார். யாரும் சொல்ல வேண்டியதில்லை. கரணை பிடித்த கை தானாகச் செய்துவிடும். நான் கேட்ட சாய்வையும் கொடுத்தார், கேட்காததையும் கொடுத்தார். இரண்டுமே நன்மைக்குத்தான்.

அக்கா உள்ளிருந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சுருளி நிலைப்படியருகே போய் நின்றார்.

"அக்கா, வண்டிய ஒரு தடவ குடுங்க."

அக்கா கட்டிலுக்கு மாறிக்கொண்டு நாற்காலியை விட்டுக் கொடுத்தாள். கட்டிலும் சன்னலோரம்தான். சுருளி செருப்பைக் கழற்றிவிட்டு, பெரிய மனிதர் வீட்டு நாற்காலியில் அமர்வது போல நுனியில் அமர்ந்தார். சக்கரத்தைத் தள்ளினார். இரண்டடி போனார். ஒதுங்கியது. பதறி வலக்கையை இழுத்தார். நாற்காலி அரைவட்டம் போட்டுச் சுவரைப் பார்த்து நின்றது.

சன்னலிலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. பத்து நாட்களாக அந்த வீட்டில் கேட்காத சத்தம்.

"ஏப்பா சுருளி, லைசென்ஸ் வாங்குனியா?"

அவர் சிரிக்கவில்லை. இன்னும் இரண்டு முறை போய்ப் பார்த்தார். கடைசியில் நாற்காலியிலிருந்து எழாமலே, சன்னலைப் பார்த்துச் சொன்னார்.

"நான் நடந்துதான் பாத்தேன் அக்கா. நடக்கையில தெரியல."

"பாப்பா கணக்குப் போட்டுத்தான் பாத்தா. அவளுக்கும் தெரியல" என்றாள் அக்கா. அவ்வளவுதான். சீவிய விரல்களைப் பற்றி எங்கள் இருவரிடமும் அவள் பிறகு பேசியதே இல்லை.

மறுநாள் மேல்பூச்சைக் கொத்தி எடுத்தார்கள். குறுக்கே ரசமட்டம் வைத்து, அதன் குமிழி நடுவில் நிற்கும்வரை சுருளி விடவில்லை. தண்ணீருக்கு வேறு வழி செய்தார். சரிவோடு அதுவே இறங்கி, அடியில் ஒரு சிறு வாய்க்கால் வழியாக வெளியேறிவிடும். சக்கரம் வழுக்காமலிருக்க, பூச்சு ஈரமாயிருக்கும்போதே ஒரு கம்பியை அரையடிக்கு ஒன்றாகக் குறுக்கே அழுத்திக் கோடுகள் போட்டார்.

போட்டு முடித்துவிட்டுக் குனிந்தபடியே எண்ணத் தொடங்கினார். உதடு அசைவது மட்டும் தெரிந்தது. லாபம், நட்டம், லாபம், நட்டம். இரண்டு பக்கமும் இருபதில் போய் நின்றது. நட்டம்.

கம்பியை மறுபடி எடுத்தார். ஒவ்வொரு சரிவின் கடைசி விளிம்பிலும் இன்னொரு கோடு அழுத்தினார்.

அக்காவின் கண்ணுக்கு எதுவும் தப்பாது. "நாங்க வேதக்காரவுக சுருளி. லாப நட்டமெல்லாம் ஆண்டவரு பாத்துக்கிருவாரு."

"ஆண்டவரு பாக்கட்டும் அக்கா. போட்ட கை என்னோடது" என்றார் சுருளி. முதல் நாளிலிருந்து இருந்த மனக்குறை அப்போதுதான் முகத்தை விட்டுப் போயிற்று.

கையோடு கிழக்குச் சுவரின் நீலக் கோட்டையும் வெள்ளையடித்து மறைத்துவிடட்டுமா என்று கேட்டார். அது கிடக்கட்டும் என்றாள் அக்கா. "பாப்பாவும் நீயும் சேந்து போட்ட தப்பு. பாக்க நேராத்தான் இருக்கு."

ஞாயிறு

மீண்டும் ஏழு நாள் ஈரச்சாக்கு.

அந்த ஞாயிறு காலையில் அக்கா சாம்பல் நிறச் சேலை உடுத்தி, பாட்டுப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டாள். நான் செருப்பை மாட்டப் போனபோது நிறுத்தினாள். அவள் முன்னால் போவாளாம்; நான் பத்து நிமிடம் கழித்து வர வேண்டுமாம். பின்னால் நிற்கக் கூடாது, சன்னலிலிருந்து பார்க்கவும் கூடாது.

வராந்தாக் கதவின் உட்புறம், அவள் கண்ணில் படாமல் நின்றுகொண்டேன். பார்க்கவில்லை. கேட்கக் கூடாது என்று அவள் சொல்லவில்லை.

நாற்காலியின் முன்சக்கரங்கள் ஒவ்வொரு கோட்டையும் தாண்டும்போது சிறிதாக ஒரு சத்தம் எழுந்தது. டக். பிறகு ஒரு டக். சுருளியைப் போலவே என் உதடுகளும் அசைவதை உணர்ந்தேன். ஐந்து. ஆறு. இரண்டடியில்தானே அன்று ஒதுங்கியது? அதைத் தாண்டிவிட்டாள். பன்னிரண்டு. பதினேழு. சத்தங்களுக்கு இடையே நேரம் ஒரே சீராக இருந்தது. இருபத்தொன்று.

பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

பந்தலின் அடியில் நிற்கிறாள் என்று அறிவுக்குத் தெரிந்தது. அறிந்தும் என் கை தாழ்ப்பாளின் மேல் போய்விட்டது. அணில் ஒன்று கொடியில் ஓடியது. அதற்குப் பிறகு, மிகத் தாழ்வாக, தொண்டையைச் சரிபார்ப்பது போல, அந்த இரண்டு மூன்று சுரங்கள். எட்டு மாதமாகச் சன்னலுக்குள் கேட்டது, இப்போது முற்றத்திலிருந்து வந்தது. தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்துக்கொண்டேன்.

திரும்பிவிட்டாள். ஒன்று. இரண்டு. மறுபடி எண்ணினேன். பத்து. பதினைந்து. பத்தொன்பது. இருபது.

இருபதோடு சத்தம் நின்றுவிட்டது. விளிம்பில் நிற்கிறாளா, இல்லை சக்கரம் எதிலாவது மாட்டிக்கொண்டதா? தெருவில் ஒரு மிதிவண்டி மணியடித்துக்கொண்டு போயிற்று.

டக்.

தெருக்கதவின் கொண்டி விலகியது. அதோடு அவள் குரலும் வந்தது. முன்பு தொலைபேசியில் குமுளி வரை கேட்ட குரல்.

"எண்ணி முடிச்சிட்டியா பாப்பா? தெருக்கதவச் சாத்து. பூன உள்ள பூந்துரும்."

சாத்தினேன்.